பல் ஆடுவது கல்லை எடுத்ததால் அல்ல

வாசகர் கேள்விக்குப் பல் மருத்துவரின் ஆலோசனை

சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் வட்டாரத்தில் வசிக்கும் 49 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கி, கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

"பல் துலக்கும்போது இரத்தம் வருவது ஐந்தாறு ஆண்டுகளாக எனக்குப் பழகிப்போய்விட்டது. வலி இல்லாததால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சென்ற ஆண்டு முதல் கீழ் முன்பற்கள் இரண்டு இலேசாக அசைகின்றன. இடப்பக்கம் இரத்தம் அதிகம் வருவதால் சில மாதங்களாக அங்கே பிரஷ் படாமல் பார்த்துக்கொள்கிறேன். உப்புநீரில் கொப்பளித்துக் கிராம்புத் தைலம் தடவுகிறேன். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஒரே ஒரு முறை பல் சுத்தம் செய்துகொண்டேன். அதுவரை நெருக்கமாக இருந்த பற்களுக்கு நடுவே அன்று இடைவெளி விழுந்துவிட்டது. இரண்டு வாரம் குளிர்ந்த தண்ணீர் குடிக்க முடியவில்லை. 'கல்லை எடுத்தால் பல் ஆட்டம் கண்டுவிடும்' என்று அம்மா சொன்னது சரிதான் என்று அதன்பிறகு போகவே இல்லை. அம்மாவுக்கு 55 வயதிலேயே முழுப் பல்செட். எங்கள் குடும்பத்துப் பல்லே அப்படித்தான் போலும். எனக்கு எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை எடுக்கிறேன். போன மாதம் வீட்டருகே ஒரு பல் மருந்தகத்தில் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, சாதாரணச் சுத்தம் போதாது, ஆழமாகச் செய்ய வேண்டும், நான்கு முறை வர வேண்டும் என்றார்கள். ஆயிரம் வெள்ளிக்கு மேல் ஆகுமாம். இது வியாபாரமோ என்று சந்தேகமாக இருக்கிறது. பல்லெல்லாம் விழுந்த பிறகு ஒரேயடியாகச் செட் வைத்துக்கொள்ளலாம் என்கிறார் கணவர். என்னிடம் நீல நிற சாஸ் (CHAS) மருத்துவ மானிய அட்டை இருக்கிறது, பல்லுக்குப் பயன்படுத்தியதில்லை. மகள் ஐந்து மாதக் கர்ப்பிணி. அவளுக்கும் இப்போது ஈறில் இரத்தம் வருகிறதாம். நான் என்ன செய்யட்டும்?"

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது ஒரு வரி: இரத்தம் வரும் பக்கம் பிரஷ் படாமல் பார்த்துக்கொள்கிறேன் என்பது. இன்றிரவே மாற்ற வேண்டியது அதுதான் என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இரத்தம் வரும் இடத்தைத்தான் அதிகக் கவனத்தோடு துலக்க வேண்டும். மென்மையான பிரஷ் போதும். அழுத்த வேண்டாம், ஆனால் ஒரு வேளைகூட விட வேண்டாம்.

பல்லும் ஈறும் சேரும் விளிம்பில் கிருமிகள் நாள்தோறும் மெல்லிய, பிசுபிசுப்பான படலமாகப் படிகின்றன. நகத்தால் வழித்தால் வெண்ணெய் போல ஒட்டிக்கொண்டு வருமே, அதுதான். அது அங்கேயே தங்கிவிட்டால், எதிர்த்துப் போராட உடல் அந்த இடத்துக்கு இரத்த ஓட்டத்தைக் கூட்டுகிறது. ஈறு சிவந்து உப்பிக்கொள்கிறது, தொட்டால் கசிகிறது. 1965இல் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் ஹரால்ட் லோ என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் ஈறு நலமாக இருந்த 12 பேரைப் பல் துலக்குவதை நிறுத்தச் சொல்லிப் பார்த்தார்கள். பத்து நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் எல்லாருக்கும் ஈறு அழற்சி வந்துவிட்டது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் ஈறுகள் பழைய நிலைக்குத் திரும்பின. உங்கள் இடப்பக்க ஈற்றைச் சில மாதங்களாக நீங்கள் அந்தச் சோதனையின் முதல் பாதியிலேயே வைத்திருக்கிறீர்கள்.

மீண்டும் துலக்கத் தொடங்கும்போது முதல் சில நாள் இரத்தம் கூடுதலாகவே வரலாம். பயந்து நிறுத்திவிடாதீர்கள். ஆனால் பல் அசையும் அளவுக்கு வந்துவிட்டதால், வீட்டில் துலக்குவது மட்டும் உங்களுக்குப் போதாது.

அந்த இடைவெளி எங்கிருந்து வந்தது?

உங்கள் அச்சம் முழுவதும் அந்த ஒன்பது ஆண்டுக்கு முந்தைய அனுபவத்தில் வேர்விட்டிருக்கிறது. இதே அச்சத்தோடு வரும் பலரை நான் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் நம் அம்மாக்கள், அத்தைகள்.

அகற்றப்படாத படலத்தில் எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து சேர்ந்து, சில நாட்களிலேயே அது இறுகத் தொடங்குகிறது. இறுகிவிட்டால் எந்தப் பிரஷாலும் எடுக்க முடியாத காரையாகிவிடுகிறது. உங்கள் அம்மா 'கல்' என்று சொன்னது இதைத்தான். நாக்கின் அடியில் எச்சில் சுரப்பிகளின் வாய் திறப்பதால், கீழ் முன்பற்களின் உட்புறத்தில் அது அதிகமாகச் சேரும். உங்களுக்கு ஆடும் பற்கள் அங்கேதான் இருக்கின்றன.

சுத்தம் செய்யும்போது நோயாளியின் கையில் ஒரு கண்ணாடியைக் கொடுப்பது என் வழக்கம். தொடங்கும் முன் கீழ் வரிசையின் உட்புறத்தைப் பார்த்தால் ஆறு பற்கள் தனித்தனியாகத் தெரியாது. பழுப்பும் சாம்பலும் கலந்த ஒரே பட்டையாக, சுவருக்குச் சிமெண்டு பூசியது போல இருக்கும். கருவியின் முனை ஒரு நொடிக்குப் பல்லாயிரம் முறை அதிர, தண்ணீர் பீச்சிக்கொண்டே இருக்கும். சற்று நேரத்தில் அரிசி நொய்யளவுத் துண்டொன்று பெயர்ந்து விழும். அதன் அடிப்பக்கம், ஈற்றுக்குள் இருந்த பகுதி, கரும்பச்சையாக இருக்கும். அதைக் கையில் வைத்துக் காட்டுவேன். நோயாளி நாக்கை அந்த இடத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு, "ஐயோ டாக்டர், ஓட்டை விழுந்துவிட்டதே" என்பார்.

அந்த ஓட்டை அன்று விழுந்ததில்லை. காரைக்கு அடியில் ஈறு முன்பே இறங்கியிருந்தது. பல்லைப் பிடித்திருக்கும் எலும்பும் கரைந்திருந்தது. அந்த இடத்தைக் கல் அடைத்துக்கொண்டிருந்ததால் உங்களுக்குத் தெரியவில்லை. ஆடும் பற்களை ஒன்றோடொன்று ஒட்டி நிறுத்தி, உறுதியாக இருப்பதுபோல் காட்டியதும் அதே கல்தான். கூச்சமும் அப்படியே. பல்லின் மேற்பகுதிக்கு எனாமல் என்ற கவசம் உண்டு, வேருக்குக் கிடையாது. கல் மூடியிருந்த வேர் திறந்துகொண்டதும் குளிர்ச்சி சுரீரென்று ஏறுகிறது. பெரும்பாலோருக்கு அது சில நாட்களில், மிஞ்சினால் சில வாரங்களில் அடங்கிவிடும். கூச்சத்துக்கான பற்பசையை முன்கூட்டியே பயன்படுத்தத் தொடங்கினால் இம்முறை இன்னும் எளிதாக இருக்கும்.

பரம்பரையைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். ஈறு நோய்க்கு எளிதில் ஆட்படும் உடல்வாகு சில குடும்பங்களில் இருப்பது உண்மை. ஆனால் உங்கள் அம்மா கல்லை எடுக்கப் பயந்தார், அந்தப் பயத்தை உங்களுக்கும் கொடுத்தார். பல் போனதில் அந்தப் பயத்துக்கு எவ்வளவு பங்கு என்று யோசித்துப் பாருங்கள். குடும்பத்தில் இந்த நோய் உண்டு என்றால், நீங்கள் மற்றவர்களைவிட அடிக்கடி வர வேண்டும் என்பதே அதன் பொருள்.

இன்னொன்று. "எனக்குச் சொத்தையே கிடையாது, பல் நன்றாகத்தான் இருக்கிறது" என்று பலர் நினைக்கிறார்கள். சிங்கப்பூரின் குழாய்நீரில் 1950களிலிருந்தே ஃப்ளோரைடு சேர்க்கப்படுகிறது. தொடக்கப்பள்ளியிலேயே பல் மருந்தகம் வைத்துப் பிள்ளைகளின் பல்லைக் கவனிக்கும் ஊர் இது. சொத்தையைக் குறைக்க இவை பெரிதும் உதவியிருக்கின்றன. ஆனால் ஃப்ளோரைடு காப்பது பல்லை மட்டுமே, ஈற்றை அது காக்காது. ஒரு சொத்தைகூட இல்லாத வெள்ளைப் பல்லும் பிடிமானம் போய் விழுந்துவிடும். அதுவும் கடைசிவரை பெரிதாக வலிக்காமலே.

வியாபாரமா, தேவையா?

ஐந்து நிமிடப் பார்வையில் ஆயிரம் வெள்ளிச் சிகிச்சையைச் சொன்னால் சந்தேகம் வரத்தான் செய்யும். உங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியுள்ள அறிகுறிகளைப் பார்க்கும்போது, அவர்கள் சொன்ன முடிவு சரியாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று நினைக்கிறேன். அவர்கள் செய்யாமல் விட்டது, அந்த முடிவை உங்களுக்கு எண்களில் காட்டுவது.

ஈற்றுக்கும் பல்லுக்கும் நடுவே சிறு பள்ளம் எல்லாருக்கும் உண்டு. மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியால், ஒவ்வொரு பல்லையும் சுற்றி ஆறு இடங்களில் அதன் ஆழத்தை அளப்போம். 1 முதல் 3 வரை இருந்தால் நலம். 4, 5 என்றால் ஈறு பல்லைவிட்டுப் பிரியத் தொடங்கிவிட்டது. 6, 7 என்றால் பிரஷோ வாய்கொப்பளிப்பு மருந்தோ எட்டாத ஆழம். அதனோடு எக்ஸ்ரேயில் எலும்பு எதுவரை இறங்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். இரண்டும் இல்லாமல் "ஆழமாகச் செய்ய வேண்டும்" என்று முடிவு செய்யக்கூடாது.

சாதாரணச் சுத்தம் ஈறு விளிம்பு வரையிலான காரையை எடுக்கிறது. ஆழ்சுத்தத்தில் ஈறு மரத்துப்போக ஊசி போட்டு, பள்ளத்துக்குள் வேரின்மேல் ஒட்டியிருக்கும் காரையை எடுக்கிறோம். வாயை நான்கு பகுதியாகப் பிரித்து, ஒரு வருகைக்கு ஒன்றோ இரண்டோ பகுதி செய்வது வழக்கம். ஆகவே நான்கு வருகை என்பதில் தவறாக எதுவும் இல்லை.

அதே மருந்தகத்துக்குப் போனாலும் வேறிடம் போனாலும் இவற்றைக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை, எந்த நல்ல மருத்துவரும் கோபப்பட மாட்டார்:

- எந்தெந்தப் பல்லில் எத்தனை மில்லிமீட்டர்? அந்த அட்டவணையின் நகல் எனக்குக் கிடைக்குமா?
- எக்ஸ்ரேயில் எலும்பு எங்கே இருக்கிறது? எனக்கே காட்டுங்கள்.
- ஒவ்வொரு வருகைக்கும் கட்டணம் எவ்வளவு? எழுத்தில் கொடுங்கள். இதில் எவையெல்லாம் சாஸ் அட்டையில் சேரும்?
- முடிந்த பிறகு எப்போது மறுபடி அளந்து பார்ப்பீர்கள்?

கடைசிக் கேள்வி முக்கியமானது. சிகிச்சை முடிந்து இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி அளந்து, 6 என்பது 4 ஆகியிருக்கிறதா என்று பார்க்காமல் விட்டால், கொடுத்த பணத்துக்குப் பலன் கிடைத்ததா என்று யாருக்கும் தெரியாது.

நீல நிற அட்டையை இத்தனை நாள் பயன்படுத்தாமல் விட்டதுதான் எனக்கு ஆதங்கம். சாஸ் திட்டத்தில் சேர்ந்துள்ள பல் மருந்தகங்களில் பரிசோதனை, எக்ஸ்ரே, பல் சுத்தம் போன்றவற்றுக்கு அந்த அட்டைக்கு மானியம் உண்டு. எண்ணிக்கை வரம்புகளும் உண்டு. கட்டணம் மருந்தகத்துக்கு மருந்தகம் மாறும் என்பதால் மானியம் போக மீதி எவ்வளவு என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். மருத்துவச் செலவுக்கான சேமிப்பான மெடிசேவ் பணத்தைப் பொறுத்தவரை, ஈறு அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் எடுக்கலாம். உங்கள் வயதில் வழக்கமான சுத்தத்துக்கு எடுக்க முடியாது.

இரண்டாவது கருத்து வேண்டுமென்றால் பல் பிரிவு உள்ள அரசாங்கப் பலதுறை மருந்தகத்துக்குப் போகலாம். காத்திருக்க வேண்டியிருக்கும், ஆனால் செலவு குறைவு. நோய் முற்றியிருந்தால் அங்கிருந்தோ சாஸ் மருந்தகத்திலிருந்தோ பரிந்துரைக் கடிதம் பெற்று, ஊட்ரமில் உள்ள தேசியப் பல் நிலையத்தில் ஈறு நோய் நிபுணரை மானியக் கட்டணத்தில் பார்க்கலாம். கடிதம் இல்லாமல் நேராகப் போனால் மானியம் கிடைக்காது. சில இடங்களில் சுத்தம் செய்பவர் பல் மருத்துவராக இல்லாமல் வாய்நலச் சிகிச்சையாளராக இருப்பார். அதற்கென்றே பயின்று, சிங்கப்பூர்ப் பல் மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்றவர்கள் அவர்கள். பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பார்கள், தயங்க வேண்டாம்.

ஆழ்சுத்தத்தால் என்ன ஆகாது என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கரைந்த எலும்பு பெரும்பாலும் திரும்ப வளராது. வீக்கம் வடிந்ததும் ஈறு சுருங்கும். பல் நீளமானது போலவும் இடைவெளி கூடியது போலவும் தெரியும். இம்முறை அதைப் பார்த்து ஓடிவிடாதீர்கள், புண் ஆறியதன் அடையாளம் அது. பல் ஆட்டம் பல நேரங்களில் குறையும். ஆனால் அந்த இரண்டு முன்பற்களைக் காப்பாற்ற முடியுமா என்பதை எக்ஸ்ரே பார்க்காமல் என்னால் உறுதி சொல்ல முடியாது.

சர்க்கரையும் ஈறும்

சர்க்கரை கட்டுக்குள் இல்லையென்றால் ஈறு நோய் வேகமாக முற்றும் என்பது பலருக்குத் தெரியும். எதிர்த்திசையிலும் அது நடக்கிறது என்பதைத்தான் அதிகம் பேர் அறிவதில்லை. ஈற்றில் ஓயாமல் இருக்கும் அழற்சி, இன்சுலின் ஒழுங்காக வேலை செய்வதைக் கெடுக்கிறது. சர்க்கரை நோயாளிகளுக்கு ஈறு நோய்ச் சிகிச்சை அளித்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், மூன்று நான்கு மாதத்தில் அவர்களுடைய எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் இரத்தச் சோதனை) அளவு சராசரியாக ஏறக்குறைய 0.4 விழுக்காட்டுப் புள்ளி குறைந்திருக்கிறது. உங்கள் எண் 8 என்றால் 7.6. கேட்கச் சிறியதாக இருக்கலாம். உங்கள் குடும்ப மருத்துவரிடம் சொல்லிப் பாருங்கள், அவர் மகிழ்வார்.

இரத்த அழுத்த மாத்திரையின் பெயரை நீங்கள் எழுதவில்லை. அம்லோடிபின், நிஃபெடிபின் போன்ற மாத்திரைகள் சிலருக்கு ஈற்றைத் தடிக்கச் செய்யும். எல்லா மாத்திரைகளின் பட்டியலையும் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். எதையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சிகிச்சைக்குக் காலை நேரத்தைக் கேட்டு வாங்கி, பசியாறிவிட்டு, சர்க்கரை மாத்திரையை வழக்கம்போல் எடுத்துக்கொண்டு போங்கள். வெறும் வயிற்றில் போய் நாற்காலியில் மயங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கணவர் சொல்லும் யோசனை

அவர் உங்கள் செலவைக் குறைக்கத்தான் சொல்கிறார். ஆனால் பல் போன இடத்தில் தாடை எலும்பு ஆண்டுதோறும் சுருங்கிக்கொண்டே போகும். கீழ்த்தாடை முழுச் செட் உட்கார இடமில்லாமல், பேசும்போதே நழுவும். முறுக்கு, கடலை, கொய்யாப்பழம் எல்லாம் எட்டாத பண்டமாகிவிடும். மெல்ல முடியாதவர்கள் குழைந்த சோறு, ரொட்டி, கஞ்சி என்று மாவுச்சத்துக்கே ஒதுங்குவார்கள். சர்க்கரை நோயாளிக்கு அது எவ்வளவு கேடு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. செயற்கை வேர் பதித்துப் பல் கட்டலாமே என்றால், ஒரு பல்லுக்கே ஆயிரக்கணக்கில் வெள்ளி ஆகும்; அதைச் சுற்றியும் இதே போன்ற நோய் வரலாம்.

அவர் புகைப்பவராக இருந்தால் ஒரு வார்த்தை. புகைப்பவர்களுக்கு ஈறு நோய் முற்றினாலும் இரத்தம் அதிகம் வராது, நிக்கோட்டின் இரத்த நாளங்களைச் சுருக்கிவிடும். இரத்தம் வரவில்லை என்பதை வைத்து அவர் நிம்மதியாக இருக்க முடியாது. உங்களோடு அவரும் ஒரு முறை அளந்து பார்த்துக்கொள்ளட்டும்.

வீட்டில்

நாங்கள் ஆண்டுக்குச் சில முறை செய்வது, மற்ற நாட்களில் நீங்கள் செய்வதைத் தாங்கிப்பிடிக்க மட்டுமே உதவும். பிரஷை ஈறு விளிம்பை நோக்கிச் சாய்த்து, பாதி பல்லிலும் பாதி ஈற்றிலும் படும்படி வைத்து, சின்னச் சின்னதாக அசையுங்கள். நேர்க்கோட்டில் இழுத்துத் தேய்க்க வேண்டாம்.

அடுத்தது பல்லிடை. ஒரு பல்லுக்கு ஐந்து பக்கம் என்றால், பக்கத்துப் பல்லை ஒட்டிய இரண்டையும் பிரஷ் தொடுவதே இல்லை. ஈறு நோய் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. உங்களுக்கு இடைவெளி இருப்பதால் பல் நூலைவிடப் பல்லிடைப் பிரஷ் பொருந்தும். எந்த அளவு என்பதை முதல் வருகையிலேயே பொருத்திப் பார்த்து வாங்குங்கள். ஓர் அளவு எல்லா இடைவெளிக்கும் சேராது. வாங்கிய அன்றிரவு ஒரே ஒரு இடத்தில் விட்டு எடுத்து மோந்து பாருங்கள். அந்த வாடைதான் இத்தனை நாள் உள்ளே இருந்தது. இரண்டு வாரம் தவறாமல் செய்த பிறகு மறுபடி மோந்து பாருங்கள்.

உப்புநீர் கொப்பளிப்பதில் தவறில்லை, இதமாக இருக்கும். ஆனால் அது படலத்தைப் பெயர்க்காது. கிராம்புத் தைலத்தை ஈற்றில் நேராகத் தடவுவதை நிறுத்திவிடுங்கள், அது திசுவைச் சுட்டுவிடும். 'ஆலும் வேலும் பல்லுக்குறுதி' என்று நம் பாட்டிமார் சொன்னதில் நான் மதிப்பது, அந்தக் குச்சியை மென்று நாராக்கி ஒவ்வொரு பல்லாக நேரமெடுத்துத் தேய்த்த பொறுமையை. பிரஷ் வந்தபோது அந்தப் பொறுமையை விட்டுவிட்டோம்.

எத்தனை மாதத்துக்கு ஒரு முறை வருவது? ஆறு மாதம் என்பது எல்லாருக்குமான சட்டமில்லை. ஈறு நலமாக இருக்கும் ஒருவர் ஆண்டுக்கு ஒரு முறை வந்தாலே போதுமானதாக இருக்கலாம். ஆழ்சுத்தம் முடிந்த உங்களுக்கு, சர்க்கரையும் இருப்பதால், முதல் ஓராண்டு மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை தேவைப்படும். அளவுகள் குறைந்து நிலைத்தால் இடைவெளியைக் கூட்டிக்கொள்ளலாம்.

மகளுக்கு

கர்ப்பக் காலத்தில் ஹார்மோன் சுரப்பு மாற்றங்களால் ஈறு சாதாரணப் படலத்துக்கே பெரிதாக வீங்கிக் கசியும். பிள்ளை பிறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டில் யாரும் தடுத்துவிட வேண்டாம். கர்ப்பிணிக்குப் பல் சுத்தம் செய்வது பாதுகாப்பானது. அதிலும் நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை நாற்காலியில் சாய்ந்திருக்க வசதியான காலம். அவர் இப்போது சரியாக அதில் இருக்கிறார். நீங்கள் தொலைபேசியில் நேரம் பதியும்போதே இருவருக்குமாகச் சேர்த்துப் பதியுங்கள். ஒருவருக்குச் சர்க்கரை, இன்னொருவருக்கு ஐந்து மாதம் என்பதை அப்போதே சொல்லிவிடுங்கள். அளந்து வந்த எண்களை எனக்கு எழுதினால், அடுத்து என்ன என்பதைப் பார்ப்போம்.